கார்த்திகையில் ஒரு சாக்கு உருளை

ஐப்பசிக் கடைசியில் காவேரிப்பாக்கம் காய்கறிக் கடை ஒன்றில் போய், "அண்ணா, முளை விட்ட உருளைக்கிழங்கு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். ஊரே பொறுக்கி ஒதுக்கும் கிழங்கைத் தேடி வந்த ஆளை அவர் ஏற இறங்கப் பார்ப்பார்.

"எதுக்குப்பா, கறிக்கா?"

"இல்லண்ணா, நடறதுக்கு."

"நம்ம ஊர்ல உருளை எங்க வரும்? அது ஊட்டியில வர்றதாச்சே!"

அவர் சொல்வதில் முக்கால் பங்கு சரி. மிச்சம் இருக்கிற கால் பங்கில்தான் நமக்கு வேலை.

காவேரிப்பாக்கத்தைச் சுற்றி நெல் உண்டு, கரும்பு உண்டு, வேர்க்கடலை உண்டு. பல்லவர் காலத்து ஏரி ஒன்று கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஆனால் உருளை வயலை மட்டும் தேடினாலும் பார்க்க முடியாது. நம் பக்கத்துக் கடைகளுக்கு வரும் உருளை ஆக்ராவில் இருந்தோ, கோலாரில் இருந்தோ, நீலகிரியில் இருந்தோ லாரியில் ஏறி வந்தது. நீலகிரியிலேயே அது 200 ஆண்டுக் கதைதான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் குடியேறி, சீமைக் காய்கறிகளைப் பயிர் செய்து பார்த்தபோது உருளையும் மலையேறியது. மலையில் நன்றாக வந்த செடி கீழே இறங்க ஏன் மறுத்தது? மண் சரியில்லையா, தண்ணீர் போதாதா? இரண்டும் இல்லை. நம் ஊர் இரவு அதற்குச் சூடு அதிகம்.

இதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கிழங்கைக் கையில் எடுங்கள். நன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அங்கங்கே குழி குழியாக இருப்பவை கண்கள். ஒவ்வொரு கண்ணுக்குப் பக்கத்திலும் புருவம் மாதிரி ஒரு சின்னக் கோடு தெரியும். ஒரு காலத்தில் அங்கே செதில் போன்ற ஒரு குட்டி இலை இருந்தது. அது உதிர்ந்த தழும்புதான் அந்தக் கோடு. இலை இருந்த இடம் என்றால் அது கணு. கணு இருந்தால் அது தண்டு. கேரட்டும் முள்ளங்கியும் வேர். உருளை மண்ணுக்குள் ஓடும் ஒரு தண்டின் நுனி உப்பிப் பருத்தது. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குண்டூசியைக் குத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலைச் சுற்றிக்கொண்டே போங்கள். நூல் திருகிக்கொண்டு, சுருளாக ஏறும். கிளையில் இலைகள் எப்படிச் சுழன்று சுழன்று அமையுமோ, அதே ஒழுங்கு இங்கேயும் இருக்கிறது. ஒரு முனையில் கண்கள் நெருக்கமாக இருக்கும். அது தண்டின் நுனிப்பக்கம். முதல் முளை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். மறுமுனையில் ஒரு சிறு தழும்பு தெரியும். தாய்ச்செடியோடு தொப்புள்கொடி போல ஒட்டியிருந்த இடம் அது.

சரி, தண்டின் நுனி எப்போது உப்ப ஆரம்பிக்கும்? அதை முடிவு செய்வது மண்ணுக்கு மேலே இருக்கும் இலை. உருளையின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பகல் நீளம் குறைந்து, இரவு நீண்டு குளிரும்போது அங்கே கிழங்கு கட்டும். பகலின் நீளத்தை இலை அளக்கிறது. பகல் குறைந்ததும் ஒரு புரதத்தைச் செய்து தண்டு வழியாகக் கீழே அனுப்புகிறது. வேறு செடிகளில் பூக்கச் சொல்லும் புரதத்துக்கு நெருங்கிய உறவு அது. உருளையிலோ அது 'கிழங்கு கட்டு' என்று சொல்கிறது. 2011இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு இதை விளக்கி எழுதியது. சூடு அதிகமானால் இந்தப் புரதம் குறைந்துபோகிறது. செடி பச்சைப் பசேலென்று இடுப்பு உயரம் வளரும். தோண்டிப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. பகலில் இலை சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் செடி மூச்சு விடுவதற்கு அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு சூடோ அவ்வளவு செலவு. மே மாதத்தில் வேலூர்ப் பக்கத்து இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொட்டை மாடியில் படுத்தாலும் புரண்டுகொண்டே இருப்போம். பகல் வருமானம் அத்தனையும் அந்த இரவிலேயே காலியாகிவிட்டால் கிழங்கில் சேர்த்துவைக்க என்ன மிஞ்சும்?

இப்போது கடைக்காரர் அண்ணன் விட்டுவிட்ட கால் பங்குக்கு வருவோம். மார்கழியிலும் தையிலும் நம் பக்கத்து இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. சில நாள் அதற்கும் கீழே போகிறது. பகல் சுமார் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது. உருளை எதிர்பார்க்கும் இரண்டும் ஓரளவுக்குக் கிடைத்துவிடுகின்றன. சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், சூடு தாங்கும் 'குஃப்ரி சூர்யா' என்ற ரகத்தை 2006இல் வெளியிட்டது. இரவு வெப்பம் 20 டிகிரி வரை இருந்தாலும் அது கிழங்கு கட்டும். கடையில் வாங்கும் கிழங்கு எந்த ரகம் என்று கடைக்காரருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆகவே ரகத்தை விட்டுவிட்டு நாட்களைப் பிடித்துக்கொள்வோம். செடி வளர்ந்து கிழங்கு கட்டும் பருவம் மார்கழி, தைக் குளிரில் விழ வேண்டும். அதற்குக் கார்த்திகையில் நட வேண்டும்.

எந்தக் கிழங்கை வாங்குவது? பளபளவென்று இருக்கும் புதுக் கிழங்கு வேண்டாம். அறுவடையான உருளைக்கு இரண்டு மூன்று மாதத் தூக்கம் உண்டு. அந்தச் சமயத்தில் எவ்வளவு நல்ல மண்ணில் வைத்தாலும் முளைக்காது. ஆக்ராப் பக்கத்துக் கிழங்கு பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகி, குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் கிடந்துவிட்டு ஐப்பசி வாக்கில் நம்மிடம் வருகிறது. அதன் தூக்கம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கிடங்கின் குளிர்தான் அதை அடக்கி வைத்திருந்தது. வெளியே வந்து கொஞ்ச நாளில் கண் திறக்கும். லேசாகச் சுருங்கி, கண்களில் வெள்ளையாகப் புள்ளி தட்டியிருக்கும் கிழங்காகப் பாருங்கள். கோழி முட்டை அளவு இருந்தால் உத்தமம். ஐந்தாறு வாங்கிக்கொள்ளுங்கள். சில கிடங்குகளில் முளை விடாமல் இருக்கக் குளோர்புரோஃபாம் என்ற மருந்தைப் புகையாக அடிப்பார்கள். அது முளையில் செல்கள் பிரிவதைத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட கிழங்கு மூன்று வாரம் ஆனாலும் மொழுக்கென்று உட்கார்ந்திருக்கும். அதை நடாதீர்கள்.

ஊட்டி உருளை என்று சொல்லி விற்பதைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1961இல் நீலகிரி மண்ணில் ஒரு நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். உருளை வேரைத் துளைத்து உறிஞ்சும் புழு அது. பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே கெட்டியான ஒரு பையாகிவிடும். குண்டூசித் தலையை விடச் சிறிய அந்தப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டைகள் இருக்கும். உருளையோ அதன் உறவுச்செடியோ பக்கத்தில் வேர்விட்டு, வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணில் கலக்கும்வரை முட்டைகள் காத்திருக்கும். ஒரு வருடம் இரண்டு வருடம் என்று இல்லை, 20 வருடம்கூடக் காத்திருக்கும்! கிழங்கில் ஒட்டிய ஒரு துளி மண் போதும், வேறு ஊருக்குப் போய்விடும். அதனால்தான் நீலகிரி விதைக்கிழங்கு வெளியூருக்குப் போவதற்கு 1971இல் தமிழ்நாடு அரசு கட்டுப்பாடு போட்டது. இந்தப் புழுக்கள் ஐரோப்பாவையும் பாடாய்ப் படுத்தியவை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1949இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் நகருக்குப் போனபோது எடுத்துக்கொண்ட வேலையே, இந்தப் புழுவைத் தாங்கும் குணத்தைக் காட்டு உருளையிலிருந்து வீட்டு உருளைக்குக் கொண்டுவருவதுதான். நெல், கோதுமைக்காக அவரை நமக்குத் தெரியும். அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில் கையில் இருந்தது உருளைக்கிழங்கு.

ஆகவே கடைக் கிழங்கைத் தரையில் நட வேண்டாம். சாக்கில் நடுவோம். கத்தரியும் தக்காளியும் உருளைக்கு உறவு. அந்தப் புழுவுக்கு அவையும் தீனி. அறுவடைக்குப் பிறகு சாக்கு மண்ணைக் கத்தரித் தோட்டத்தில் கொட்டாமல் பூச்செடிக்குப் போட்டுவிடுங்கள்.

வாங்கிய கிழங்கை முட்டை அட்டையில், கண் நெருக்கமான முனை மேலே பார்க்கும்படி நிறுத்தி, வெயில் நேராகப் படாத வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, நீளமாக, தொட்டால் ஒடியும்படி வரும். வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாக, தடியாக, பச்சையோ ஊதாவோ கலந்து வரும். வேண்டுமானால் ஒன்றை மட்டும் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முளை உங்கள் சுண்டுவிரல் நகத்தின் நீளம் வந்தால் நடத் தயார். பெரிய கிழங்கென்றால் துண்டுக்கு இரண்டு மூன்று கண் இருக்கும்படி வெட்டலாம். வெட்டியதும் நடக்கூடாது. ஓரிரு நாள் நிழலில் விட்டால் வெட்டுவாய் தோல் கட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஈரத்தில் அழுகிவிடும். ஆயா இருக்கும் வீடாக இருந்தால் வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவச் சொல்வார். தாராளமாகத் தடவலாம், அது ஈரத்தை உறிஞ்சும்.

மண்ணுக்கு வருவோம். ஏரி வண்டல் நம் ஊர்ச் சொத்து. நெல்லுக்கு அதைப் போல வராது. ஆனால் உருளைக்கு வண்டல் மட்டும் போட்டால் காய்ந்ததும் கல்லாக இறுகும். கிழங்கு கோணல் மாணலாக வரும். ஒரு பங்கு வண்டல், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு என்று கலந்தால் பொலபொலவென்று இருக்கும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது தோல் தொழில் நடக்கும் சீமை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல்ஷாப்புகளுக்குத் தோல் வரும்போதே உப்புத் தடவி வருகிறது. உப்பு, தோலில் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும்; நீர் இல்லாத இடத்தில் அழுகவைக்கும் நுண்ணுயிர் பெருகாது. தோலைப் பதனிடும் முன் அந்த உப்பைக் கழுவியாக வேண்டும். கழுவிய நீர் பல வருடம் பாலாற்றுப் படுகையில் கலந்ததில் அந்தப் பகுதிக் கிணறுகள் பல உப்புக் கரித்துப்போயின. தோலுக்குக் காவலாக இருந்த அதே உப்பு, செடிக்கு எமன். ஏன் என்று உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். உருளையை விரல் மாதிரி நீள நீளமாக ஒரே அளவில் நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும், ஒன்றை மூன்று கரண்டி உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரில் கிடந்தது விறைப்பாக, மடக்கினால் பட்டென்று ஒடியும். உப்புத் தண்ணீரில் கிடந்ததை வளைத்து வட்டமாக்கலாம், ஒடியவே ஒடியாது. துண்டுக்குள் இருந்த நீரை வெளியே இருக்கும் உப்பு இழுத்துவிட்டது. மண்ணில் உப்பு ஏறினால் வேருக்கும் இதே கதிதான். பக்கத்திலேயே ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை ஓரம் கருகும். உருளை உப்பைத் தாங்குவதில் அவ்வளவு கெட்டிக்காரச் செடி இல்லை. உங்கள் போர்த் தண்ணீர் கரித்தால் ஐப்பசி, கார்த்திகை மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

வெள்ளை அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட்டு, வாயைப் பாதிவரை மடித்துவிடுங்கள். கறுப்புப் பை வெயிலில் சூடேறும், வேண்டாம். ஒரு சாண் உயரம் மண் கலவை, அதன்மேல் முளை மேலே பார்க்க இரண்டு கிழங்கு, மேலே நான்கு விரல் உயரம் மண். காலை வெயில் நன்றாகப் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாளில் மட்டும் சாக்கைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிட வேண்டும். தேங்கும் தண்ணீரில் விதைக்கிழங்கு கூழாகிவிடும்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் சாக்கின் மடிப்பைப் பிரித்துவிட்டு, தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒருமுறை. மண் ஏற்ற ஏற்ற அடுக்கடுக்காகக் காய்க்கும் என்று செல்போன் காணொளிகளில் காட்டுவார்கள். சாக்கைக் கவிழ்த்தால் மூன்று கூடை கொட்டும். நான் அதை நம்புவதில்லை. கிழங்கு பெரும்பாலும் விதைக்கிழங்கை ஒட்டிய கணுக்களில்தான் கட்டும். மண் அணைப்பதன் பெரிய பயன், வளரும் கிழங்கின் மேல் வெயில் படாமல் மூடுவது. வெயில் பட்டால் கிழங்கு தான் தண்டு என்பதைக் காட்டிவிடும்: பச்சையம் உண்டாகிப் பச்சையாகும். கூடவே சோலனின் என்ற நச்சும் தோலில் ஏறும். அது வேகவைத்தாலும் போகாது. பச்சையான கிழங்கையும் முளையையும் சாப்பிடக்கூடாது. செடியில் குட்டித் தக்காளி மாதிரி பச்சைக் காய் தொங்கினால் அதையும் வாயில் வைக்கக்கூடாது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பனி விழும் நாட்களில் இலையில் தண்ணீர் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். ஈர இலையும் குளிரும் சேர்ந்தால் பின்பருவக் கருகல் நோய் வரும். 1845இல் அயர்லாந்தின் உருளை வயல்களில் புகுந்து பெரும் பஞ்சத்துக்குக் காரணமான நோய் அதுதான். கருத்துப்போன இலையைப் பார்த்ததும் கிள்ளி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

நட்டு எழுபது, எண்பது நாளில், மாசி வாக்கில், சாக்கின் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். எலுமிச்சை அளவு உருண்டைகள் தட்டுப்பட்டால் புது உருளை தயார். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரிந்துவரும். முதிராத கிழங்கின் தோல் இன்னும் சதையோடு இறுகவில்லை. ஒரு சாக்குக்கு அரைக் கிலோ வந்தாலே தெருவில் சொல்லிக்கொள்ளலாம்.

ருசிக்குக் காரணம் கைராசி இல்லை. இலையிலிருந்து வந்த சர்க்கரை முழுவதும் இன்னும் மாவுச்சத்தாக மாறவில்லை. அதனால் லேசான இனிப்பு. மாவுச்சத்து குறைவு, நீர் அதிகம். அதனால் வேகவைத்தாலும் உடையாமல் மெழுகு மாதிரி நிற்கும். மருந்துக்கடை டிங்சர் அயோடினை ஒரு சொட்டு புதுக் கிழங்கிலும் ஒரு சொட்டு பழைய கிழங்கிலும் விட்டு, எதில் கருநீலம் ஆழமாக ஏறுகிறது என்று பாருங்கள் (சொட்டு விட்ட துண்டைக் குப்பையில் போடவும், குழம்பில் அல்ல). உருளையில் குளுட்டமிக் அமிலமும் உண்டு. தக்காளியில் நாக்கைச் சப்புக்கொட்ட வைப்பதும் அதுதான். கிழங்கு மெல்லச் சூடேறும்போது அதன் செல்களில் உள்ள ஆர்.என்.ஏ. உடைந்து, அந்தச் சுவையைத் தூக்கிக் காட்டும் இன்னொரு பொருள் உண்டாகிறது. ஆகையால் கொதிக்கும் நீரில் போடாமல், பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மெல்ல எரியவிடுங்கள். தோண்டிய அன்றே தோலோடு வேகவைத்து, கடுகு, சீரகம், பூண்டு தாளித்துப் பிரட்டிவிட்டால் போதும். ஆம்பூர் பிரியாணிக்காரர்கள் உருளையைச் சேர்த்துக்கொள்வதில்லை. கொல்கத்தாவில் பிரியாணியில் உருளை இல்லையென்றால் சண்டைக்கு வருவார்கள். இந்த வழக்கில் நான் கொல்கத்தா பக்கம்.

கிழங்கில் ஒன்றிரண்டை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கலாமா என்று கேட்பீர்கள். ஒருமுறை செய்து பார்க்கலாம். வருடா வருடம் வேண்டாம். அசுவினிப் பூச்சி இலைச்சாறு உறிஞ்சும்போது வைரஸைப் பரப்பும். அது கிழங்குக்குள் தங்கி, தலைமுறைக்குத் தலைமுறை விளைச்சலைக் குறைக்கும். தவிர, மாசியில் தோண்டிய கிழங்கு நம் ஊர்ச் சித்திரை, வைகாசிச் சூட்டைத் தாண்டிக் கார்த்திகைவரை கெடாமல் இருப்பது கஷ்டம்.

கடைசியாக, கடைக்காரர் அண்ணனுக்குக் காட்ட ஒரு சோதனை. மாசியில் முதல் சாக்கைத் தோண்டும் அன்றே, அதே மண் கலவையில், கடையில் வாங்கி முளைக்கவைத்த கிழங்கை இன்னொரு சாக்கில் நடுங்கள். தண்ணீர், எரு எல்லாம் அதே அளவு. சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, தினமும் விடியற்காலை அளவை நோட்டில் குறித்துவாருங்கள். முதல் சாக்குக்கும் அதே மாதிரி குறித்து வைத்திருந்தால் நல்லது. இரண்டாவது சாக்கு, சித்திரைக் கடைசியில் தோண்டும் நாளுக்கு வரும். செடியின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, கிழங்கின் எடை மூன்றையும் இரண்டு சாக்குக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வெப்பமானிக் கணக்கோடு சேர்த்து அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்திரைச் சாக்கில் செடி உயரமாக வளர்ந்தும் எடைக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்தால், இடையில் எந்தத் தேதியிலிருந்து விடியற்காலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை என்று நோட்டைப் புரட்டிக் கண்டுபிடியுங்கள்.